ஒரு ஸ்னிப்பை நீங்களே தேடிப் படிப்பது எப்படி?

மரபணு ஆராய்ச்சி பற்றிய செய்திகளில் ‘ஆர்எஸ்’ என்று தொடங்கி ஓர் எண்ணோடு முடியும் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு ஸ்னிப்பின் அடையாள எண். ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்துகளால் எழுதப்பட்ட டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் எனக்கு ஓர் எழுத்தும் உங்களுக்கு வேறோர் எழுத்தும் இருந்தால் அந்த இடம்தான் ஸ்னிப். மொத்தம் சுமார் 300 கோடி எழுத்துகள்; யாரை எடுத்தாலும், ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் பொது வரிசையிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் மாறுபடுவார். அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தராதவை. அதனால் ‘உங்களிடம் இந்த ஸ்னிப் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் பயப்படும் முன் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணினியும் ஒரு தாளும் போதும்.

படி 1: முதலில் தாளில்

ஆர்எஸ்334-ஐ எடுத்துக்கொள்வோம். அரிவாள் செல் சோகைக்குக் காரணமான இடம் இது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை எழுதும் எச்பிபி மரபணுவில் ‘ஜிஏஜி’ என்ற மூன்றெழுத்து ‘ஜிடிஜி’ ஆகிறது. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள், நடு எழுத்து மட்டும்தான் வேறு. ஆனால் முதலாவது குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தை (புரதத்தின் ஒரு கண்ணி) கொண்டுவரும், இரண்டாவது வேலின் என்ற வேறொன்றை. குளூட்டமிக் அமிலம் தண்ணீரோடு ஒத்துப்போகும், வேலின் தண்ணீரை விட்டு ஒதுங்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட நேரத்தில் இந்த வேலின் பக்கத்து ஹீமோகுளோபினில் இருக்கும் ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ள, அது அடுத்ததோடு, அடுத்தது அதற்கடுத்ததோடு என்று நீளமான நார்களாகி, வட்டமாக இருந்த சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துவிடுகிறது.

படி 2: தேடுங்கள்

அமெரிக்காவின் என்சிபிஐ நடத்தும் டிபிஸ்னிப் தரவுத்தளத்தைத் திறங்கள். இலவசம்தான். ஆர், எஸ் இரண்டையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் 334 சேருங்கள். 11ஆம் குரோமோசோம், இடம் 5227002 என்று வரும். பழைய கட்டுரைகளில் 5248232 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். மேலே சொன்ன பொது வரிசையின் முந்தைய பதிப்பான 37-இல் அந்த எண், இப்போதைய 38-இல் இந்த எண். எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: இழையைப் பாருங்கள்

நான் ஒரு மாலை முழுவதும் மாட்டிக்கொண்ட இடம் இது. தாளில் ஏ, டி ஆனது என்று எழுதினோம். டிபிஸ்னிப்போ டி, ஏ ஆனது என்று காட்டுகிறது! தவறு எதுவும் இல்லை. டிஎன்ஏவுக்கு இரண்டு இழைகள். ஒன்றில் ஏ இருந்தால் எதிரே டி, ஒன்றில் ஜி இருந்தால் எதிரே சி. தரவுத்தளம் முன்னிழையைப் படிக்கிறது, எச்பிபி மரபணுவோ பின்னிழையில் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் ஓர் அறிக்கையைப் படித்தால் நல்ல எழுத்தைக் கெட்டதென்று நினைத்துவிடுவோம்.

அதே பக்கத்தில் டி எழுத்து ஜி ஆவதும் இருக்கும். மரபணு இழையில் அது ஜிசிஜி, அதாவது அலனின். இந்தோனேசிய ஊரின் பெயரால் மக்காசர் ஹீமோகுளோபின் என்பார்கள். அது அரிவாள் நோயைத் தருவதில்லை. அதே இடம், வேறு எழுத்து, நோய் இல்லை. 2021-இல் எலிகளில் ஜிடிஜியை ஜிசிஜியாகத் திருத்திப் பார்த்ததும் இதனால்தான். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், எழுத்தையும் பாருங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

படி 4: எத்தனை பிரதி, யாரிடம்?

அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு பிரதிகள். இரண்டிலும் மாற்றம் இருந்தால் நோய். ஒன்றில் மட்டும் என்றால் கடத்துபவர். பெரும்பாலும் நலமாகவே இருப்பார், கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கும். பெற்றோர் இருவரும் கடத்துபவர்கள் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு.

அப்புறம் என்செம்பிள் என்ற இன்னொரு மரபணுத் தரவுத்தளத்தில் அதே எண்ணைப் போட்டு, மக்கள்தொகைப் பகுதியைத் திறங்கள். பல நாட்டு மக்களின் டிஎன்ஏவைப் படித்த ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டத்தின் ஆப்பிரிக்க மாதிரிகளில் இந்த மாற்றம் சுமார் 10 சதவீதம். அதே பட்டியலில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கும் ஒரு வரி உண்டு. அதை வைத்து எல்லாத் தமிழ்ப் பகுதிகளையும் கணக்குப் போடாதீர்கள். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் இருப்பது 1952-லேயே பதிவானது, அவர்கள் இந்தத் திட்டத்தில் இல்லவே இல்லை.

படி 5: இப்போது வேறு மாதிரி ஒன்று

ஆர்எஸ்7903146-ஐத் தேடுங்கள். 10ஆம் குரோமோசோம், டிசிஎஃப்7எல்2 மரபணு. புரதத்தில் ஒன்றுமே மாறவில்லை, மாற்றம் இன்ட்ரானில், அதாவது மரபணுவுக்குள் இருந்தும் புரதமாக எழுதப்படாத பகுதியில். இது இரண்டாம் வகைச் சர்க்கரை நோயோடு தொடர்புடையது, ஆனால் ஒவ்வொரு டி பிரதிக்கும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்குதான் கூடும். இரண்டு டி இருந்தும் சர்க்கரையே வராதவர்கள் ஏராளம், ஒன்றுகூட இல்லாமல் வந்தவர்களும் ஏராளம். ஆர்எஸ்334-க்குச் சொன்ன கணக்கை இங்கே போடவே கூடாது. இழையையும் மறக்காமல் பாருங்கள்: டிசிஎஃப்7எல்2 முன்னிழையில் இருப்பதால் சி, டி இரண்டையும் திருப்பாமல் அப்படியே படிக்கலாம்.