ஹோம் நர்ஸ் வைப்பதற்கு முன்: ஆளைச் சரிபார்க்கும் முறை

படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவையோ நினைவு தப்பிய அப்பாவையோ பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஆள் வைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்டு வாங்குவது ஒரே ஒரு காகிதம், ஆதார் நகல். இந்தப் பெயரில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதற்குமேல் ஆதார் எதுவும் சொல்லாது. அவர் நர்ஸிங் படித்தவரா, முந்தைய வீட்டில் எப்படி நடந்துகொண்டார், ஏன் அங்கிருந்து நின்றார் என்பதையெல்லாம் நாம்தான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கவாதத்தில் பேச்சு போனவரும், டிமென்ஷியாவில் நேற்று நடந்ததை மறந்துவிடுபவரும் தனக்கு நேர்ந்ததைப் பிள்ளையிடம் சொல்ல மாட்டார்கள். ஆகவே சரிபார்ப்பை ஆள் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

பராமரிப்பு வேலையிலிருந்து விலக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்றை பிரிட்டனில் அரசே வைத்திருக்கிறது. அங்கே வேலைக்கு எடுப்பவர் அதைப் பார்த்தாக வேண்டும். இந்தியாவில் அப்படி ஒரே இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் 2018இல் வந்தது, ஆனால் அதைக் காவல் துறையினர் மட்டுமே பார்க்க முடியும். எனவே நாலைந்து சிறு சோதனைகளைச் சேர்த்துத்தான் ஒரு முடிவுக்கு வர முடியும்.

பெரும்பாலான தவறுகள் டிஸ்சார்ஜ் அவசரத்தில் நடக்கின்றன. "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்" என்று டாக்டர் சொன்ன பிறகு ஏஜென்சிக்குப் போன் போட்டால், அன்று யார் கையில் இருக்கிறாரோ அவரைத்தான் அனுப்புவார்கள். மருத்துவமனையில் சேர்த்த இரண்டாம் மூன்றாம் நாளே தேடத் தொடங்குங்கள். அதற்கு வாய்ப்பில்லை என்றால், சரிபார்ப்பு முடியும்வரை குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவதுதான் வழி.

முதலில் ஆள் யார் என்பது

ஆதாரின் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்வது சரிபார்ப்பு ஆகாது. நகலில் பெயரையும் படத்தையும் மாற்றுவது எளிது. அட்டையில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் சொந்தச் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். அதற்குள் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு இருக்கும். சாதாரண க்யூஆர் செயலியில் நீளமான எண்கோவை மட்டுமே வரும். அதை வைத்து அட்டை போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திரையில் வரும் படத்தையும் எதிரில் நிற்பவரின் முகத்தையும் ஒப்பிடுங்கள். கோப்புக்கு நகல் வேண்டுமானால் முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் போதும். நகலின் குறுக்கே தேதியையும், எதற்காக வாங்கியது என்பதையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் பெயரே ஒரு சிக்கல். குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். திருமணத்துக்கு முன் அப்பாவின் எழுத்தோடு கே. லட்சுமி, பிறகு கணவரின் எழுத்தோடு எஸ். லட்சுமி. நர்ஸிங் சான்றிதழில் ஒன்றும் ஆதாரில் இன்னொன்றுமாக இருப்பது சகஜம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்தெந்தப் பெயர்களில், எந்தெந்த எழுத்துக்கூட்டலில் அவருக்கு ஆவணங்கள் இருக்கின்றன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர், கணவர் பெயர், சொந்த ஊர், கடந்த ஐந்து ஆண்டுகளில் தங்கியிருந்த முகவரிகள் எல்லாம் சேர்ந்தால்தான் அடுத்த கட்டத் தேடல்களுக்குப் பொருள் இருக்கும்.

நர்ஸா, உதவியாளரா?

"ஹோம் நர்ஸ்" என்று ஏஜென்சிகள் அனுப்புபவர்களில் பலர் நர்ஸிங் படித்தவர்கள் அல்ல. சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள், அல்லது வேலை செய்தே பழகியவர்கள். குளிப்பாட்டவும் திருப்பிப் படுக்க வைக்கவும் ஊட்டிவிடவும் அப்படிப்பட்டவர் போதும். நல்ல உதவியாளர் ஒருவர் கிடைப்பதே பெரிய விஷயம். ஆனால் ஊசி, டிரிப்ஸ், மூக்கு வழி டியூப் மாற்றுவது, தொண்டைத் துளையில் சளி உறிஞ்சுவது போன்ற வேலைகள் இருந்தால் பதிவு பெற்ற நர்ஸ்தான் வேண்டும்.

பி.எஸ்ஸி. நர்ஸிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். எது படித்திருந்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் (வேறு மாநிலத்தில் படித்தவர் என்றால் அந்த மாநிலக் கவுன்சிலில்) பதிவு எண் இருக்க வேண்டும். கல்லூரிச் சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது. படிப்பை முடித்துப் பதிவு செய்யாமல் விட்டவர்களும் உண்டு. இந்திய நர்ஸிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டில் சேர்ந்தவர்களுக்குத் தனி அடையாள எண்ணும் இருக்கும். எண்ணை வாங்கிக் கவுன்சிலில் கேட்டு உறுதி செய்யுங்கள். பதிவு இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அசல் சான்றிதழைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "பாதுகாப்புக்காக" அசலை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது ஒருவரைக் கட்டிப்போடும் வேலை. ஒரு வீட்டில் சிக்கிக்கொண்டதாக நினைப்பவர் அந்த வீட்டின் முதியவரை எப்படிப் பார்த்துக்கொள்வார்?

காவல் துறைச் சரிபார்ப்பு

தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவைத் தளத்தில் வீட்டு வேலையாளுக்கான சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். புகைப்படம், அடையாளச் சான்று, தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி ஆகியவை தேவை. கட்டணத்தை ஆன்லைனிலேயே கட்டலாம். இரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் பிவிஆர் எண்ணும் (காவல் துறைச் சரிபார்ப்பு அறிக்கையின் எண்) க்யூஆர் குறியீடும் இருக்கும். ஏற்கெனவே வாங்கிய அறிக்கையை ஏஜென்சி காட்டினால் அந்த எண்ணைத் தளத்தில் போட்டுப் பாருங்கள், தேதியையும் கவனியுங்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய அறிக்கை இன்றைக்கு எதையும் உறுதி செய்யாது.

இங்கே தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, தற்போதைய முகவரியாக ஏஜென்சியின் விடுதியைப் போடுவது. அங்கே போய் விசாரித்தால் ஏஜென்சிக்காரரே சாட்சி சொல்வார். இரண்டாவது, ஒடிசா, ஜார்க்கண்ட், கேரளம் என்று வெளி மாநிலத்திலிருந்து வருபவர்கள். அவர்களுக்குச் சொந்த மாநிலக் காவல் துறையிடமும் சரிபார்ப்பு வாங்க வேண்டும். தமிழ்நாட்டு அறிக்கையை மட்டும் நம்ப முடியாது. மூன்றாவது, பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழைக் கேட்பது. அது வெளிநாடு செல்பவர்களுக்கானது, இதற்கு உதவாது.

நீதிமன்றப் பதிவுகள்

நீதிமன்ற வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயர் வைத்து இலவசமாகத் தேடலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து, பெயரையும் ஆண்டையும் போட வேண்டும். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை இரண்டையும் பாருங்கள். முன்பு குறித்து வைத்த எல்லா எழுத்துக்கூட்டல்களிலும், அவர் வசித்த ஒவ்வொரு மாவட்டத்திலும், ஒவ்வோர் ஆண்டாகத் தேட வேண்டும் என்பதால் ஒரு மணி நேரம் போய்விடும்.

லட்சுமி என்று போட்டால் ஏராளமான வழக்குகள் வரும். அப்பா அல்லது கணவர் பெயரும் ஊரும் பொருந்தாமல் எதையும் இவருடையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வழக்கு இருந்தாலும் என்ன வழக்கு என்று பாருங்கள். நிலத் தகராறோ, கணவர்மேல் கொடுத்த ஜீவனாம்ச வழக்கோ வேலையைத் தடுக்கும் காரணம் இல்லை. திருட்டு, தாக்குதல், ஏமாற்று வழக்கு என்றால் அவரிடமே கேட்டு, அவர் சொல்வதையும் கேட்ட பிறகு முடிவெடுங்கள். எதுவும் வரவில்லை என்பதாலும் நிம்மதி அடைந்துவிட முடியாது. முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, பாலியல் குற்றங்களுக்கும் போக்சோ வழக்குகளுக்கும் விலக்கு அளித்தது. நாம் மிகவும் அஞ்சும் வகைதான் நம் தேடலில் அகப்படாமல் போகும்.

முந்தைய வீடுகள்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கடைசியாக வேலை செய்த இரண்டு வீடுகளின் எண்ணை ஏஜென்சியிடம் அல்ல, அவரிடமே கேளுங்கள். போன் செய்யும்போது நோயாளியின் நோய், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, யார் யார் வீட்டில் இருந்தார்கள் என்று முதலில் எதிர்முனையில் இருப்பவரைச் சொல்ல விடுங்கள். நீங்களே எல்லாவற்றையும் சொல்லி "சரிதானே?" என்று கேட்டால், ஏஜென்சி ஏற்பாடு செய்த ஆள்கூட "ஆமாம்" என்பார். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

ராத்திரியில் கூப்பிட்டால் எழுந்து வருவாரா?
படுக்கைப் புண் வந்ததா, வந்தபோது சொன்னாரா, நீங்களாகக் கண்டுபிடித்தீர்களா?
அம்மா சாப்பிட மறுத்தால் என்ன செய்வார்?
நின்றது எப்படி, யார் நிறுத்தியது?
மறுபடியும் தேவைப்பட்டால் அவரையே கூப்பிடுவீர்களா?

கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கத்தைக் கவனியுங்கள். ஒருவரின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்று நம் ஆட்கள் குறையை வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். "நல்ல பொண்ணுதான், ஆனா..." என்று இழுத்தால் அந்த "ஆனா"வுக்குப் பிறகு என்ன என்று பொறுமையாகக் கேளுங்கள். வேலை இல்லாத இடைவெளி மாதங்களைப் பற்றி ஊழியரிடமே கேளுங்கள். பிரசவம், உடல்நலம், பார்த்துக்கொண்டிருந்தவர் இறந்துபோனது என்று இயல்பான காரணங்கள் நிறைய இருக்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

சாதி கேட்பது சரிபார்ப்பு ஆகாது. அப்படிக் கேட்கும் வீடுகள் நல்ல ஊழியர்களை இழக்கின்றன, கேட்கக் கூடாததைக் கேட்டு ஒருவரை அவமதிக்கவும் செய்கின்றன.

உடல்நலச் சோதனையும் தேவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ச் சோதனை முடியாமல் முதியவர் அருகில் விடக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாரா என்று கேளுங்கள், போடவில்லை என்றால் நீங்களே செலவு செய்து போட்டுவிடுங்கள்.

மாற்று ஆள்

நன்றாகச் சரிபார்த்த வீடுகள்கூட ஏமாறும் இடம் இது. சரிபார்த்தது ஒருவரை, பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனதும் வாசலில் வந்து நிற்பவர் வேறொருவர். ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: மாற்று ஆளின் பெயர், ஆதார் சோதனை, காவல் அறிக்கை எண் மூன்றும் முன்கூட்டியே தராமல் யாரையும் அனுப்பக் கூடாது. ஆரம்பத்திலேயே இருவரைச் சேர்த்துச் சரிபார்த்து வைத்தால் பண்டிகை நாட்களில் தவிக்க வேண்டாம். அறிக்கையில் உள்ள படத்தை வீட்டில் இருப்பவர் போனிலும், அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் காவலாளியிடமும் கொடுத்து வையுங்கள்.

வந்த பிறகு

முதல் இரண்டு வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வெவ்வேறு நேரத்தில் ஒருவர் வந்து போகட்டும். மாத்திரை அட்டைகளை வாரம் ஒருமுறை எண்ணுங்கள். தூக்க மாத்திரை கணக்குக்கு மேல் குறைந்தால், பகலெல்லாம் முதியவர் தூங்கி வழிந்தால், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மேல்கையின் உட்புறம், தொடை, முதுகு ஆகிய இடங்களில் கன்றிப்போன தடம் இருக்கிறதா என்று நீங்களே குளிப்பாட்டும்போது பாருங்கள். நகை, ஏடிஎம் அட்டை, யுபிஐ உள்ள போன் மூன்றையும் முதல் நாளே அகற்றிவிடுங்கள். கேமரா வைத்தால் ஊழியரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். குளியலறையிலும் உடை மாற்றும் இடத்திலும் வைக்கக் கூடாது.

காயமோ மிரட்டலோ தெரியவந்தால் தேதி தெரியும்படி படம் எடுத்து, டாக்டரிடம் காட்டி எழுத்தில் வாங்கிக்கொண்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். உடனடி ஆபத்துக்கு 112. முதியோருக்கான உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. குழந்தைகள் என்றால் 1098. ஏஜென்சிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். பதிவு பெற்ற நர்ஸ் என்றால் கவுன்சிலுக்கும் ஒரு நகல் போக வேண்டும். பேசி முடித்துச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டால், அடுத்த வாரமே அவர் வேறொரு வீட்டில், பேச முடியாத இன்னொருவரின் அருகில் இருப்பார்.