இணையம் இல்லாத கணினியில் பேக்கப் மென்பொருள்: போய் இறங்கிய பிறகு தெரியவரும் தவறுகள்

ஊருக்கு வெளியே ஒரு எடைமேடை. லாரி ஏறி நின்றதும் எடை கணினியில் விழும், ரசீது அச்சாகும். ஏழெட்டு வருடக் கணக்கு மொத்தமும் அந்த ஒரே கணினியில்தான். வைரஸ் பயத்தில் முதலாளி இணையமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "தம்பி, இதுக்கு ஒரு பேக்கப் போட்டுக் குடுத்துடுங்க" என்றார். பென்டிரைவை எடுத்துக்கொண்டு 40 கிலோமீட்டர் போனேன். செட்டப் ஃபைலைத் திறந்தால், இணைய இணைப்பைச் சரிபார்க்கவும் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. நான் கொண்டுபோனது மென்பொருளே இல்லை, மென்பொருளை இறக்கித் தருகிற ஒரு குட்டி நிரல். அளவு 3 எம்பி என்று இருந்ததைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இணைப்புள்ள கணினியில் பல வேலைகள் நமக்குத் தெரியாமலே நடந்துவிடும். விட்டுப்போன துணை மென்பொருளை அதுவே இறக்கிக்கொள்ளும், சான்றிதழ்களைப் புதுப்பிக்கும், கடிகாரத்தைத் திருத்தும், லைசன்ஸைச் சரிபார்க்கும். இணைப்பில்லாத இடத்தில் இதையெல்லாம் நாம்தான் சுமந்துகொண்டு போக வேண்டும். அன்றைக்கு நான் வெறுங்கையோடு திரும்பினேன். அதற்குப் பிறகும் வேறு வேறு இடங்களில் வேறு வேறு பொருட்களை மறந்திருக்கிறேன். கீழே இருப்பவை பெரும்பாலும் அப்படிக் கற்றுக்கொண்டவை.

முழு செட்டப்பும் அதன் கூட்டாளிகளும்

டவுன்லோடு பக்கத்தில் பெரிய பொத்தானாகக் கண்ணில் படுவது பல நேரம் வெப் இன்ஸ்டாலர்தான். ஆஃப்லைன் இன்ஸ்டாலர் அந்தப் பக்கத்தின் அடியில் எங்கேயாவது இருக்கும். பல விண்டோஸ் மென்பொருட்கள் ஓடத் தேவைப்படும் அடித்தளமான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-இன் வெப் இன்ஸ்டாலர் சுமார் ஒன்றரை எம்பி. ஆஃப்லைன் இன்ஸ்டாலர் 100 எம்பிக்கு மேல். அளவைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும்.

டாட்நெட்டை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. முழு செட்டப் கையில் இருந்தாலும், அது வேறு சில மென்பொருட்கள் ஏற்கெனவே இருக்கும் என்று நம்பித்தான் ஓடுகிறது: டாட்நெட், விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம் (மென்பொருள் ஓடத் தேவையான துணைக் கோப்புகள்), சிலவற்றுக்கு ஒரு சின்ன டேட்டாபேஸ். பழைய மென்பொருட்கள் டாட்நெட் 3.5 கேட்கும். விண்டோஸ் 10-இல் அதை இயக்கச் சொன்னால் நேராக விண்டோஸ் அப்டேட்டைத் தேடிப் போகும், அது கிடைக்காது, எரர் வரும். உண்மையில் அது விண்டோஸ் இன்ஸ்டலேஷன் டிஸ்க்கின் 'சோர்சஸ்' ஃபோல்டருக்குள் 'எஸ்எக்ஸ்எஸ்' என்ற ஃபோல்டரிலேயே இருக்கிறது. விண்டோஸிலேயே உள்ள டிஸ்ம் என்ற கட்டளைக்கு அந்த இடத்தைக் காட்டிவிட்டால் போதும். ஆனால் டிஸ்க், அந்தக் கணினியில் உள்ள அதே விண்டோஸ் பதிப்பாக இருக்க வேண்டும்.

"எங்கள் கடையில் போட்டுப் பார்த்தேன், நன்றாக ஓடியதே" என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கிற வசனம். கடைக் கணினியில் ஊரில் உள்ள எல்லா ரன்டைமும் ஏற்கெனவே ஏறியிருக்கும், ஓடாமல் என்ன செய்யும்? ஒத்திகை பார்ப்பதானால் ஒரு மெய்நிகர் கணினியில், அதாவது உங்கள் கணினிக்குள்ளேயே மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினியில், வாடிக்கையாளர் வைத்திருக்கும் அதே விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அதன் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டுப் பாருங்கள். அதற்கான விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம்தான். அங்கே எதைக் கேட்டு அடம்பிடிக்கிறதோ அதையெல்லாம் பென்டிரைவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிய பதிப்புதான் நல்லது என்ற பழக்கமும் இங்கே காலை வாரும். இணையமில்லாத கணினி பெரும்பாலும் பழைய கணினி. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது, ஆனால் ஆலைகளிலும் பரிசோதனைக் கூடங்களிலும் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2023-இல் வந்த 1.21 பதிப்பிலிருந்து கோ என்ற நிரலாக்க மொழி விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. அதனால் அம்மொழியில் எழுதப்பட்ட ரெஸ்டிக் போன்ற பேக்கப் கருவிகளின் இன்றைய பதிப்புகள் அதில் ஓடாது. கிளம்புவதற்கு முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு எண், 32 பிட்டா 64 பிட்டா. அவர்களுக்குத் தெரியாவிட்டால் திரையைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

சான்றிதழ் விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. ஒரு மென்பொருளின் டிஜிட்டல் கையொப்பத்தை நம்பலாமா என்று பார்க்க உதவும், நம்பத்தகுந்த நிறுவனங்களின் ரூட் சான்றிதழ்களை விண்டோஸ் தேவைப்படும்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் இணைப்பில்லாமல் கிடந்த கணினிக்குப் புதிய சான்றிதழ் எதுவும் தெரியாது. அதனால் நல்ல மென்பொருளையே வெளியீட்டாளர் தெரியாதவர் என்று சொல்லி நிறுத்தும், டிரைவரை ஏற்க மறுக்கும். விண்டோஸ் 7-இல் இன்னொரு சிக்கல்: 2019-இல் வந்த ஷா-2 அப்டேட் போடாத கணினிக்குப் புதிய டிஜிட்டல் கையொப்பங்கள் புரியாது. அந்த அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து தனி ஃபைலாக எடுத்துப் போகலாம். ரூட் சான்றிதழ்களையும் இணைப்புள்ள கணினியில் விண்டோஸின் சர்ட்யுட்டில் என்ற கட்டளையால் ஒரே ஃபைலாகத் திரட்டிக்கொண்டு போய் ஏற்றலாம். இதைச் செய்யாமல், எச்சரிக்கை வருகிறதே என்று கையொப்பச் சோதனையையே அணைத்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

லினக்ஸ் கணினி என்றால் அதே கதைதான். ஒரு டெப் ஃபைலை (லினக்ஸின் செட்டப் ஃபைல்) மட்டும் எடுத்துப் போனால் அது இன்னும் பத்து துணை ஃபைல்களைக் கூப்பிடும். ஆப்ட்-ஆஃப்லைன் என்றே ஒரு கருவி இதற்காக இருக்கிறது.

பென்டிரைவ்

இணையம் இல்லாத கணினிக்கு வைரஸ் வராது என்று நம்புகிறவர்கள் அதிகம். அது வரும், நம் சட்டைப் பையில் உட்கார்ந்து வரும். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளில் நடந்ததைக் கேளுங்கள். புதிதாக வந்த ஒரு இயந்திரத்துக்கு மென்பொருள் நிறுவும் வேலையில் செய்த தவறால், வானாக்ரை வைரஸின் ஒரு வகை ஆலையின் நெட்வொர்க்குக்குள் புகுந்து மற்ற இயந்திரங்களுக்கும் பரவி உற்பத்தியை நிறுத்தியது. அந்தக் காலாண்டின் வருவாயில் சுமார் 3 சதவீதம் பாதிக்கும் என்று நிறுவனமே முதலில் கணக்குச் சொன்னது. உலகத்துக்கே சிப் செய்து தரும் ஆலையில், செட்டப் போடும் வேலையில் வந்த வினை.

ஆகவே இந்த வேலைக்கென்று தனியாக ஒரு பென்டிரைவ். ஜெராக்ஸ் கடையில் சொருகியது, பையன் பாட்டு ஏற்றியது எல்லாம் கூடாது. டவுன்லோடு செய்ததும் தயாரிப்பாளர் தளத்தில் கொடுத்திருக்கும் ஹாஷ் எண்ணோடு (ஃபைலின் கைரேகை மாதிரி, உள்ளே ஏதாவது மாறினால் இதுவும் மாறும்) ஒப்பிடுங்கள். பிறகு இணையமில்லாத கணினியில் ஃபைலை நகலெடுத்த பின் இன்னொரு முறை ஒப்பிடுங்கள். முதல் ஒப்பீடு, டவுன்லோடு ஒழுங்காக வந்ததா, இடையில் யாராவது கைவைத்தார்களா என்பதற்கு. இரண்டாவது பென்டிரைவுக்கு. பாதி கெட்ட பென்டிரைவ் ஃபைலைச் சிதைத்துக் கொடுப்பது நாம் நினைப்பதைவிடச் சாதாரணம்.

போலிகள் வேறு. மலிவு விலையில் 2 டிபி என்று விற்கிற சில பென்டிரைவ்களில் உள்ளே இருப்பது 32 ஜிபியாகக்கூட இருக்கலாம். கொள்ளளவைத் தாண்டி எழுதினாலும் அது எரர் சொல்லாது, எழுதியதாகத் தலையாட்டிவிடும். பேக்கப் வைக்கிற சாதனமே அப்படி அமைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் முழுக்க எழுதி, முழுக்கப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிடலாம்.

அப்புறம் ஃபேட்32, பென்டிரைவ்களை ஃபார்மேட் செய்யும் ஒரு பழைய முறை. அந்த முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பேக்கப் இமேஜ் (மொத்த டிஸ்க்கின் நகலான ஒரே ஃபைல்) 4 ஜிபி வந்ததும் நின்றுபோய், இடம் இல்லை என்பது போல ஏதோ சொல்லும். டிரைவில் 400 ஜிபி காலியாக இருக்கும், உங்களுக்குத் தலை சுற்றும். என்டிஎஃப்எஸ் என்று மாற்றிக்கொண்டு போங்கள்.

லைசன்ஸும் கடிகாரமும்

ஆஃப்லைன் ஆக்டிவேஷன் தருகிற மென்பொருளா என்று வாங்கும் முன் கேட்க வேண்டும். பொதுவாக நடைமுறை இது: கணினி ஒரு கோரிக்கை ஃபைல் தரும், அதை இணைப்புள்ள இடத்தில் ஏற்றினால் பதில் ஃபைல் வரும், அதைத் திரும்பக் கொண்டுவந்து போட வேண்டும். அதாவது குறைந்தது இரண்டு நடை. போன் ஹாட்ஸ்பாட்டை ஐந்து நிமிடம் கொடுத்து முடித்துவிடலாமே என்று ஆசை வரும். ஏன் இணையம் வேண்டாம் என்று வைத்தார்கள் என்று தெரியாமல் அதைச் செய்யாதீர்கள். இணைப்பு கிடைத்த அந்த ஐந்து நிமிடத்தில் விண்டோஸ் அப்டேட் தொடங்கி, இயந்திரத்தின் மென்பொருள் மறுநாள் காலை திறக்காமல் போன இடம் எனக்குத் தெரியும்.

ட்ரையல் பதிப்பைப் போட்டுவிட்டு வருவது இதைவிட மோசம். 30 நாள் கழித்து அது சத்தமில்லாமல் நின்றுவிடும்.

கடிகாரத்தை யாருமே கவனிப்பதில்லை. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர் 2032, செத்துப்போனால் மெயின் ஸ்விட்சை அணைக்கும் ஒவ்வொரு இரவும் கணினி பல வருடம் பின்னால் போய்விடும். இணையம் இருந்தால் காலையில் அதுவே திருத்திக்கொள்ளும், இங்கே திருத்த ஆள் இல்லை. இன்றைய தேதிக்குக் காத்திருக்கும் பேக்கப் ஓடாது, சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வரும், பழைய பேக்கப்பை அழிக்கும் கணக்கும் குழம்பும். போகும்போது பையில் ஒரு பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள், சில பத்து ரூபாய்தான்.

தோல்வியை யார் சொல்வார்கள்

2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்களின் நிரல்களைச் சேமித்துத் தரும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால், எடுபடவே இல்லை. டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுத்த கருவியோ 9.2. ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது, தோற்றதாக மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது, அந்த மின்னஞ்சல்களை மெயில் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டது. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நகல்) மிச்சம்.

இருபத்து நான்கு மணி நேரமும் இணையத்தில் இருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், எடைமேடைக் கணினி யாருக்கு மெயில் போடும்? மென்பொருளில் மின்னஞ்சல் அறிவிப்பை டிக் செய்துவிட்டு வருவதில் பயனில்லை. நான் செய்வது இதுதான்: கணக்குப் பிள்ளை சனிக்கிழமை தோறும் பேக்கப் டிரைவைத் திறந்து, கடைசி ஃபைலின் தேதியையும் அளவையும் நோட்டில் எழுத வேண்டும். அளவு திடீரென்று பாதியானால் போன் செய்ய வேண்டும். மென்பொருள் எதுவும் தராத பாதுகாப்பை அந்த நோட்டு தந்திருக்கிறது. எழுதி முடித்ததும் டிரைவைக் கழற்றிப் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். சொருகியபடியே இருந்தால் வைரஸ் வரும் நாளில் அதுவும் சேர்ந்து போகும்.

மீட்கும் நாளுக்கான பொருட்கள்

நிறுவி முடித்தாயிற்று, முதல் பேக்கப்பும் ஓடிவிட்டது, டீ வந்துவிட்டது. இங்கேதான் எல்லோரும் கிளம்பிவிடுகிறோம். மீட்பு பென்டிரைவ் செய்யாமல் கிளம்பினால், ஹார்டு டிஸ்க் போன அன்று பேக்கப் இருந்தும் அதைத் திறக்க வழி இருக்காது. இதிலும் இணையம் ஒளிந்திருக்கிறது. மீட்பு ஊடகத்தைப் பல மென்பொருட்கள் அந்தக் கணினியின் விண்டோஸ் ரிக்கவரி பகுதியிலிருந்து தயாரிக்கும். யாரோ இடம் வேண்டி அந்தப் பகுதியை அழித்திருந்தால், விண்டோஸ் டிஸ்க்கைக் கேட்கும் அல்லது மைக்ரோசாஃப்டிலிருந்து இறக்கப் பார்க்கும். எனவே விண்டோஸ் டிஸ்க் பையில் இருக்கட்டும்.

செய்த மீட்பு பென்டிரைவிலிருந்து கணினியை ஒருமுறை பூட் செய்து பாருங்கள். உள் டிஸ்க் தெரிகிறதா, பேக்கப் டிரைவ் தெரிகிறதா? 11-ஆம் தலைமுறை இன்டெல் கணினிகள் முதல் பலவற்றில் டிஸ்க்கைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கும். அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் உள் டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாது. அந்த டிரைவரை மீட்பு ஊடகத்தில் சேர்க்க வேண்டிய நாள் இன்றுதான்.

பேக்கப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அதையும், டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள். இணையமில்லாத கணினியின் மீட்பு எண் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் ஏறியிருக்காது. செட்டப் ஃபைல், துணை மென்பொருட்கள், லைசன்ஸ் ஃபைல் எல்லாவற்றின் நகலும் அங்கேயே இருக்கட்டும். பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற பேக்கப் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பல கடைக்காரர்கள் நம்பியிருந்தார்கள், 2024 தொடக்கத்தோடு அதற்கான ஆதரவு முடிந்தது.

நிறுவியே ஆக வேண்டுமா

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். தினமும் கணக்கு ஏறும் கணினிக்குத் தானாக ஓடும் மென்பொருள் வேண்டும், சரி. ஆனால் ஒரு லேத்தையோ ரத்தப் பரிசோதனைக் கருவியையோ ஓட்டுகிற கணினியில் மாதத்தில் எதுவுமே மாறுவதில்லை. அதில் டிஸ்க்கின் அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனிக்கும் டிரைவரோடு ஒரு மென்பொருளை ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. கருவியைத் தந்தவர்கள் பராமரிப்புக்கு வரும்போது அதைக் காட்டியே கைவிரிப்பார்கள்.

அப்படிப்பட்ட இடங்களில் நான் எதையும் நிறுவுவதில்லை. தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான குளோன்சில்லா என்ற டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, விண்டோஸ் தூங்கும்போதே மொத்த டிஸ்க்கையும் இமேஜாக எடுத்துவிடுகிறேன். டாட்நெட் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், லைசன்ஸ் வேண்டாம். முகம்தான் வெறும் எழுத்துத் திரையாகக் கொஞ்சம் மிரட்டும். மூலம் எது, சேமிக்கும் இடம் எது என்பதை இரண்டு முறை படித்துவிட்டு என்டரைத் தட்டுங்கள்.

எந்த வழியில் எடுத்தாலும் மீட்டுப் பார்ப்பதை ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மேல் செய்யாதீர்கள். அதே அளவோ அதைவிடப் பெரிதோ ஒரு டிஸ்க் வாங்கி, பழையதைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதில் மீட்டெடுங்கள். எடைமேடையில் அப்படித்தான் செய்தேன். விண்டோஸ் வந்தது, ஒரு லாரியை ஏற்றி எடை பார்த்தோம், ரசீதும் அச்சானது. மீட்டெடுத்த டிஸ்க்கையே ஓடவிட்டுவிட்டு, பழையதை உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, முதலாளியின் பீரோவில் வைத்துவிட்டு வந்தேன்.