பழைய ரவுட்டரைப் பின்னறையில் பூட்டுபவர்கள் விடும் பிழைகள்

போன கிழமை ஆரையம்பதியில் ஒரு தம்பி வீட்டு வைஃபையைப் பார்க்கப் போயிருந்தேன். "அண்ணன், காலையில வேலை செய்யுது, மறுகா பின்னேரம் நெட் இல்ல" என்றான். பின்னறைக் கதவுக்கு மேலே ஆணியில் தொங்கிய பழைய ரவுட்டரைக் கண்டதுமே நோய் பிடிபட்டுவிட்டது. ஆறு வருசத்துக்கு முன்னர் கல்லடியில் மாமா வீட்டில் நான் பார்த்த அதே வேலை. பாஸ்வேர்ட் மாற்றுவது பற்றியெல்லாம் ஊரே சொல்லிவிட்டது, அதை விடுகிறேன்.

ஒரே வீட்டில் இரண்டு டிஎச்சிபி

போன் வைஃபையில் ஏறியதும் அதற்கு ஒரு ஐபி முகவரி கொடுத்து, வெளியே போக எது வாசல் என்று காட்டுவது டிஎச்சிபி. நெட் கம்பனி தந்த ரவுட்டரில் அது ஓடிக்கொண்டிருக்கும். சிக்னல் எட்டாத அறைக்கென்று பழையது ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, லான் (LAN, வீட்டுச் சாமான்களை இணைக்கும்) துளையிலிருந்து லான் துளைக்கு வயரைக் குத்தினால் அதிலும் ஒரு டிஎச்சிபி ஓடும். யார் முதலில் பதில் சொல்கிறாரோ, போன் பெரும்பாலும் அவர் பேச்சைத்தான் கேட்கும். பழையது முந்திக்கொண்டால், இணையமே இல்லாத வாசலில் போன் முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் 192.168.1.1 என்றே முகவரி இருந்தால் இன்னும் மோசம்.

எனக்கு எரிச்சல் வருவது, இது பல வீடுகளில் உடனே படுக்காது என்பதால்தான். முன்பே வாங்கிய முகவரியின் தவணை முடியும்வரை சில போன்கள் ஒழுங்காக ஓடும். கோளாறு வெளியே தெரியும்போது வயர் குத்தியதையே மறந்திருப்போம். மாமா வீட்டில் மூன்று நாள் கம்பனிக்குக் கோல் எடுத்து ஏசினேன். நடுவில் "ரவுட்டர்தான் பழுது மாமா" என்று அவர் காசில் புதிதாக ஒன்றையும் வாங்கிவைத்தேன். கடைசியில் வந்த பெடியன் ஒன்றும் பேசாமல் நான் குத்திய வயரைக் கழற்றினான். மாமியின் போனில் வட்ஸ்அப் மடமடவென்று விழுந்தது. மாமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

செய்ய வேண்டியது பத்து நிமிச வேலை. பழையதை லப்டொப்போடு மட்டும் வயரால் இணைத்து, அதன் செட்டிங்குக்குள் போங்கள். அதன் லான் முகவரியை 192.168.1.2 போல, முதல் ரவுட்டர் வேறு எதற்கும் கொடுக்காத ஒன்றாக மாற்றுங்கள். டிஎச்சிபியை நிறுத்திச் சேமித்த பிறகுதான் லானுக்கு லான் வயர். வான் (WAN, வெளியிலிருந்து நெட் வரும்) துளை காலியாகவே கிடக்கட்டும். வைஃபையை மட்டும் பரப்பும் அக்சஸ் பொயின்ட் மோட் உள்ள ரவுட்டர் என்றால் அதைத் தெரிவுசெய்தாலே போதும்.

"சரி, வான் துளையிலேயே குத்தினால்?" என்று தம்பி கேட்டான். பழையதன் லான் முகவரி 192.168.2.1 போல வேறாக இருந்தால் நெட் வரும். ஆனால் முன்னறைப் பிரின்டரைப் பின்னறை லப்டொப் தானாகக் கண்டுபிடிக்காது.

ரீசெட் துளை

ஊசியோடு கிட்டப் போகாதீர்கள். செட்டிங்கெல்லாம் அழியும்போது, கம்பனி நெட் இணைப்புக்கென்று போட்டுத்தந்த யூசர்நேமும் சேர்ந்து அழியும்.

ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குள் பூட்டுவது

வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை இடி

கறண்ட் பிளக்கோடு டெலிபோன் வயரையும் கழற்ற வேண்டும். ஃபைபர் இழையால் மின்சாரம் வராது, அடப்டரால் வரும். மாமாவின் அந்தப் புது ரவுட்டர் பெட்டிக்குள்ளேயே கிடந்து, பிறகொரு நாள் பூட்டி, அந்தக் கார்த்திகையிலேயே கருகிப்போனது.