ஜெய்சல்மரின் முற்றத்தைச் சென்னையில் கட்டாதீர்கள்

இளம் கட்டடக் கலைஞர்கள் கொண்டுவரும் குடியிருப்பு வளாக வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம், என் பழைய வரைபடங்களையே யாரோ தூசி தட்டி நீட்டுவதுபோல் இருக்கிறது: வெப்பத்தைத் தணிப்பதாக எண்ணி நான் செய்த அதே தவறுகள். மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி வைக்கக் கூடாது, நிற்கும் மரத்தை வெட்டக் கூடாது என்பன எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

வறண்ட ஊரின் வடிவத்தை அப்படியே எடுப்பது

ராஜஸ்தானின் பாலைவன ஊரான ஜெய்சல்மரில் தடித்த கற்சுவர் பகலில் உறிஞ்சும் வெப்பம் குளிர்ந்த இரவில் இறங்கிவிடும். காற்று உலர்ந்திருப்பதால் முற்றத்து நீர் விரைவாக ஆவியாகிக் குளிர்ச்சி தரும். 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் கொண்ட காற்றை, நீர் தெளித்தே ஏறத்தாழ 22 டிகிரி வரை இறக்கலாம். 35 டிகிரியும் 60 சதவீதமுமாக உள்ள நம் ஊர்க் காற்றை எவ்வளவு நீர் தெளித்தாலும் 28-க்குக் கீழே கொண்டுபோக முடியாது. அதற்குள் அது ஈரத்தில் ஊறி, வியர்வை உலர வழியில்லாமல் போய்விடும்.

இதை அறியாமல், பழைய மகாபலிபுரம் சாலையருகே ஒரு வளாகத்துக்கு நாற்புறமும் அடைத்த முற்றமும் நடுவே நீரூற்றும் வரைந்தேன். கத்திரி வெயிலில் ஒரு மாலை அந்த முற்றத்தில் நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "வெளிய வாங்க சார், இங்க காத்து வருது" என்று வாசலிலிருந்து காவலாளி கூப்பிட்டார். தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றை நான் நிறுத்திய நான்கு மாடித் தொகுதியே மறித்திருந்தது. இறுதியில் அதன் தரைத்தளத்தில் இரண்டு வீடுகளின் சுவர்களை இடித்துத் தூண்களை மட்டும் விட்டோம். காகிதத்தில் அழிப்பானால் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இரண்டு வீடுகளின் விலை போயிற்று என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. நீரூற்றுத் தொட்டியில் இப்போது செம்பருத்தி வளர்கிறது.

மேற்குக் காற்று ஓங்கிக் கடற்காற்று தாமதிக்கும் நாள்களில் இங்கும் காற்று உலரும் என்பது உண்மைதான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. ஆயினும் அத்தகைய சில நாள்களை எண்ணி ஒரு வளாகத்தின் வாய்களையெல்லாம் அடைத்துவிட முடியாது.

அவுட்டோர் யூனிட்டுகளை டக்டுக்குள் அடுக்குவது

குழாய்களுக்காக விடும் அந்தக் குறுகிய இடைவெளியில் கீழ்வீட்டு ஏசி கக்கும் வெப்பத்தை மேல்வீட்டு ஏசி இழுக்கும், மின்கட்டணம் ஏறும்.

கூரைக்கு வெண்பூச்சு அடித்துவிட்டு மறப்பது

தூசியும் மழைக்காலப் பாசியும் படிந்து கறுத்த மொட்டைமாடி வெயிலைத் திருப்பி அனுப்பாது. ஆண்டுதோறும் மார்ச்சுக்குள் கழுவி, தேவைப்பட்டால் மறுபூச்சு அடிக்க வேண்டும். பராமரிப்புச் செலவில் இதற்கென ஒரு வரி ஒதுக்காத வளாகத்துக்கு நான் வெண்பூச்சைப் பரிந்துரைப்பதில்லை.

பேவர் பிளாக்

தரையில் பதிக்கும் இந்தச் சிமெண்ட் கற்கள் கார் ஓடும் பாதைக்கு மட்டும்.