வீட்டு வேலைக்கு வெல்டிங் மெஷின்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கடையில் போய் வெல்டிங் மெஷின் வேண்டும் என்றால், “200 ஆம்பியரா, 250 ஆம்பியரா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் உங்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒட்டப்போகும் இரும்பு எவ்வளவு தடிமன்? உங்கள் வீட்டு பிளக் பாயிண்ட் எவ்வளவு தாங்கும்? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் மெஷின் தானாகவே முடிவாகிவிடும். இது தெரியாமல் வாங்கியவர்கள் வீட்டில்தான் மெஷின் பரணில் கிடக்கிறது.

இதுவரை வெல்டிங் ராடையே கையில் பிடிக்காதவர்களுக்காக எழுதுகிறேன். வரிசையாகப் போவோம்.

படி 1: என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

பூந்தொட்டி ஸ்டாண்ட், கோழிக்கூண்டு, ஷூ ரேக், மாடியில் துணி காயப்போடும் கம்பி, சின்ன கேட், மோட்டார் ரூமுக்கு ஒரு கதவு. வீட்டு வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். இவற்றுக்கு இரும்புக் கடையில் வாங்குவது 1 இன்ச் சதுர பைப், ஆங்கிள், பட்டை. பைப்பின் தடிமனைக் கடையில் கேஜில் சொல்வார்கள்: 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ., 14 கேஜ் 2 மி.மீ. எண் கூடக்கூடத் தகடு மெலியும். ஆங்கிளும் பட்டையும் 3 மி.மீ.யிலிருந்து 6 மி.மீ. வரை வரும்.

ஆக, உங்கள் வேலை 1.2 மி.மீ.க்கும் 6 மி.மீ.க்கும் நடுவே இருக்கிறது. டிராக்டர் டிரெய்லரின் சேஸிஸ் ஒட்டப்போகிறேன் என்றால் அது வேறு கணக்கு. அதை அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் கொடுங்கள்.

படி 2: ராடிலிருந்து ஆம்பியருக்கு வாருங்கள்

ராடின் தடிமனுக்கு ஏற்றபடிதான் ஆம்பியர் வைக்க வேண்டும். சாதாரண இரும்புக்குத் தொடக்கக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டியது 6013 என்ற எண்ணுள்ள ராடு. எளிதாகப் பற்றும், ஒட்டிய இடத்தின் மேல் படியும் சிலாக் என்ற ஓடு சுலபமாக உதிரும். அதில் 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும். 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130. 4 மி.மீ. ராடுக்கு 140-க்கு மேல் போக வேண்டும்.

மேலே எழுதிய பட்டியலில் எதற்குமே 4 மி.மீ. ராடு தேவையில்லை. பைப் வேலை முழுவதும் 2.5 ராடில் முடிந்துவிடும். ஆங்கிள், கேட் கீல் போன்றவற்றுக்கு 3.15. அதாவது 130 ஆம்பியரை உண்மையாகக் கொடுக்கும் மெஷின் உங்களுக்குப் போதும். “உண்மையாக” என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்தாம் படியில் வருகிறேன்.

படி 3: வீட்டு கரண்டைப் பாருங்கள்

மெஷினைவிட இதைத்தான் பெரிதாக நினைக்க வேண்டும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். சுவரில் இருப்பது 6 ஆம்பியர் பிளக், 16 ஆம்பியர் பவர் பிளக் என்று இரண்டு வகை. ஃபேனும் செல்போன் சார்ஜரும் ஓடும் சின்ன பிளக்கில் வெல்டிங் மெஷினைச் செருகவே கூடாது.

பவர் பிளக்கில் எவ்வளவு ஓட்டலாம்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆர்க் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறி) எரியும்போது அதன் வோல்டேஜைக் கணக்கிட ஒரு வழக்கமான வாய்ப்பாடு உண்டு: ஆம்பியரை 0.04-ஆல் பெருக்கி 20-ஐக் கூட்ட வேண்டும். 70 ஆம்பியரில் அது 22.8 வோல்ட், அதாவது ஏறக்குறைய 1,600 வாட். மெஷினுக்குள் ஆகும் இழப்பையும், சாதாரண இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின்களின் குறைவான பவர் ஃபேக்டரையும் (வேலைக்கு ஆவதைவிடக் கூடுதலாகக் கரண்டை இழுக்கும் குணம்) சேர்த்தால் சுவரிலிருந்து 11, 12 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் இதைத் தாங்கும். 3.15 ராடை 100 ஆம்பியரில் ஓட்டினால் 17 ஆம்பியர் வரை போகும். அது எல்லையைத் தொட்டாயிற்று. விட்டு விட்டு ஓட்டினால் சமாளிக்கலாம். 4 மி.மீ. ராடை 160 ஆம்பியரில் ஓட்டினாலோ 30 ஆம்பியரைத் தாண்டிவிடும். அதற்கு எந்தப் பவர் பிளக்கும் ஆகாது.

அதனால் மெஷின் வாங்கும் முன் ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து, மீட்டர் பெட்டியிலிருந்து பட்டறை இடத்துக்கு 4 சதுர மி.மீ. காப்பர் வயரில் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். அதற்கென்று தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), தொழிற்சாலைகளில் இருப்பது போன்ற கனமான பிளக், நல்ல எர்த். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வீட்டில் இல்லையென்றால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் வெல்டிங் மெஷின் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எக்ஸ்டென்ஷன் வயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 30 மீட்டர் நீளமுள்ள 1 சதுர மி.மீ. வயரில் 15 ஆம்பியர் ஓடினால் சுமார் 16 வோல்ட் அந்த வயரிலேயே போய்விடும். ராடு இரும்பில் ஒட்டிக்கொள்ளும், ஆர்க் அணையும், வயர் சூடாகும். சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும். வயரை முழுவதும் பிரித்துப் போட்ட பிறகே ஓட்டுங்கள், 2.5 சதுர மி.மீ.க்குக் குறைந்த வயரைத் தொடவே வேண்டாம்.

கிராமத்தில், லைனின் கடைசியில் இருப்பவர்களுக்கு மாலையில் வோல்டேஜ் இறங்கும். மல்டிமீட்டரை வைத்து உங்கள் பிளக்கில் காலை, மதியம், மாலை என்று அளந்து பாருங்கள். 180-க்குக் கீழே இறங்கினால், எவ்வளவு குறைந்த வோல்டேஜ் வரை மெஷின் ஓடும் என்று கடையில் கேட்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம், வீட்டு இணைப்பில் உங்கள் சொந்த வேலையைச் செய்யலாம். கூலிக்கு ஒட்டிக்கொடுக்க ஆரம்பித்தால் அதற்குரிய இணைப்பு வாங்க வேண்டும். ஒரு உபயோகத்துக்கு வாங்கிய இணைப்பை வேறு உபயோகத்துக்குப் பயன்படுத்தினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி கூடுதல் கட்டணம் விதிப்பார்கள்.

படி 4: எந்த வகை?

ராடு வைத்து ஒட்டும் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின். முதல் மெஷின் என்றால் என் பதில் இதுதான். கையில் தூக்கிக்கொண்டு மாடிக்கும் போகலாம், தோட்டத்துக்கும் போகலாம். சிலிண்டர் தேவையில்லை. துரு முழுவதும் போகாத இரும்பையும், காற்றடிக்கும் திறந்த வெளியையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

பட்டறைகளில் பார்க்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட் உழைப்பில் குறை சொல்ல முடியாதது. பத்து, இருபது வருடம் ஓடுபவை உண்டு. ஆனால் கனம் அதிகம், ஆர்க் பற்றவைக்கும்போது வீட்டு விளக்கெல்லாம் மங்கும், அவற்றில் பல இரண்டு ஃபேஸ் கேட்கும். இலவசமாகக் கிடைத்தாலும் வீட்டுக்கு வேண்டாம்.

மிக் மெஷினில் ராடுக்குப் பதில் ஒயர் தானாக வரும். கற்பது சுலபம், மெல்லிய தகட்டில் அழகாக ஒட்டும். 18 கேஜ் பைப்பில் நிறைய வேலை இருக்கிறது, மூடிய ஷெட் இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஊரில் நிரப்பக் கிடைக்கிறது என்றால் மிக் நல்ல தேர்வு. திறந்த வெளியில் காற்று, ஒட்டும் இடத்தைக் காக்கும் அந்த வாயுவைக் கலைத்துவிடும். ஒட்டிய இடம் பஞ்சு மாதிரி துளை துளையாகும். வாயு இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் ஒயரும் உண்டு. அதற்கு மெஷினில் பாசிட்டிவ், நெகட்டிவ் இணைப்பை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

டிக் என்ற இன்னொரு வகை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி செய்பவர்களுக்கானது. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படி 5: மெஷினின் பிளேட்டைப் படியுங்கள்

முன்பக்கம் பெரிதாக அச்சிட்ட எண்ணைப் பார்க்காதீர்கள். பின்பக்கமோ அடியிலோ சின்னப் பிளேட் ஒன்று இருக்கும். அதில் மூன்று விஷயம் முக்கியம்.

முதலாவது, உச்ச உள்ளீட்டு ஆம்பியர். பொய்யைப் பிடிக்க இது ஒன்றே போதும். 200 ஆம்பியரில் ஆர்க் வோல்டேஜ் 28. பெருக்கினால் 5,600 வாட். அதை 230-ஆல் வகுத்தால் 24-க்குச் சற்று மேல் வரும். எந்த மெஷினிலும் இழப்பு இருக்கும் என்பதால் உண்மையான 200 ஆம்பியர் மெஷின் இதைவிடக் கூடுதலாகவே இழுக்க வேண்டும். முகப்பில் 200 என்றும், பிளேட்டில் உள்ளீடு 18 ஆம்பியர் என்றும் போட்டிருந்தால் அந்த 200 நடக்காத காரியம். அப்படிப்பட்ட மெஷினை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். மற்றதிலும் அதே கைவரிசையைத்தான் காட்டியிருப்பார்கள்.

இரண்டாவது, டியூட்டி சைக்கிள். 10 நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஒட்டலாம் என்ற கணக்கு இது. 160 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால் 6 நிமிடம் ஓட்டி 4 நிமிடம் விட வேண்டும். ஆம்பியரைக் குறைத்தால் இந்த நேரம் கூடும். வீட்டு வேலைக்கு இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்: 2.5 ராடு ஒன்று ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட எரியும், பிறகு சிலாக் தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த ராடை மாட்டுவதற்குள் மெஷின் ஆறிவிடும். ஆனால் எத்தனை டிகிரியில் அளந்தது என்று பாருங்கள். 40 டிகிரியில் அளந்தது நம்பத் தகுந்தது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் 20 டிகிரி கணக்கு எதற்கு உதவும்?

மூன்றாவது, ராடு தொடாதபோது இருக்கும் வோல்டேஜ். 60, 70 வோல்ட் இருந்தால் ஆர்க் சுலபமாகப் பற்றும். பின்னால் 7018 என்ற வேறு வகை ராடு போட நினைத்தால் 70-ஐ ஒட்டி இருப்பது நல்லது.

ஹாட் ஸ்டார்ட், ஆன்டி ஸ்டிக் இரண்டும் இருந்தால் புதியவர்களுக்கு உதவி. முன்னது ஆர்க் பற்றும் நொடியில் ஆம்பியரைக் கூட்டிக்கொடுக்கும். பின்னது ராடு ஒட்டிக்கொண்டால் கரண்டைக் குறைத்துவிடும்.

படி 6: கடையில் ஓட்டிப் பாருங்கள்

ஒரு துண்டு 16 கேஜ் பைப்பும் ஒரு துண்டு ஆங்கிளும் எடுத்துப் போங்கள். உங்களுக்கு ஒட்டத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். 3.15 ராடை 110 ஆம்பியரில் வைத்து, முழு ராடையும் நிறுத்தாமல் எரிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஆர்க் தடுமாறக் கூடாது. அடுத்து 2.5 ராடை 60-க்கு இறக்கி பைப்பில் ஓட்டை விழாமல் ஒட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

உடன் தரும் கேபிளைப் பாருங்கள். பல கம்பெனிகள் காப்பர் பூசிய அலுமினியம் தருகின்றன. அது சீக்கிரம் சூடாகும். எர்த் கிளாம்ப் (ஒட்டும் இரும்பைக் கவ்வும் பிடி) மெல்லிய தகரமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். சர்வீஸ் எங்கே, உள்ளே போர்டு போனால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். 500 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று சர்வீஸ் இல்லாத மெஷினை வாங்குவதில் லாபமில்லை.

படி 7: மெஷினோடு சேர்த்து வாங்க வேண்டியவை

தானாகக் கறுக்கும் ஹெல்மெட். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும், ராடு எங்கே தொடுகிறது என்று தெரியும். 10-ஆம் எண் கருமை வீட்டு வேலைக்குச் சரியாக இருக்கும். கூலிங் கிளாஸ் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆர்க்கைப் பார்த்த கண் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்து, நள்ளிரவில், மணல் விழுந்தது போல உறுத்தும். உருளைக்கிழங்கு, தாய்ப்பால் என்று வைத்தியம் பார்க்காமல் கண் டாக்டரிடம் போங்கள்.

தோல் கையுறை, முழுக்கைக் காட்டன் சட்டை, மூடிய செருப்பு, சிலாக் தட்டும் சுத்தி, ஒயர் பிரஷ், 4 இன்ச் கிரைண்டர், இரண்டு சி கிளாம்ப். பாலியஸ்டர் துணி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஜி.ஐ. பைப்பாக இருந்தால் ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முதலில் கிரைண்டரால் எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதை நம்பிப் புகையில் நிற்க வேண்டாம். மூடிய டின், பெட்ரோல் டேங்க் எதையும் ஒட்டாதீர்கள், காலியாக இருந்தாலும்.

படி 8: முதல் ராடு

பைப்பில் ஆரம்பிக்க வேண்டாம். பழைய இரும்புக் கடையில் 5 மி.மீ. தகட்டுத் துண்டு வாங்குங்கள். துருவைத் தேய்த்து எர்த் கிளாம்பை நேராக அதிலேயே மாட்டுங்கள். 2.5 ராடு, 80 ஆம்பியர். தீக்குச்சி உரசுவது போல உரசி, பற்றியதும் ராடின் தடிமன் அளவுக்கு இடைவெளி வைத்து மெதுவாக இழுங்கள். ராடு அடிக்கடி தகட்டில் ஒட்டிக்கொண்டால் 5 ஆம்பியர் கூட்டுங்கள். பொறி அதிகம் தெறித்து, ஒட்டிய கோடு தட்டையாகப் பரவினால் 5 குறையுங்கள். கோடு ஒரே அகலத்தில் வரும்வரை தகட்டை விட்டு நகராதீர்கள். அதன் பிறகு 16 கேஜ் பைப்பில் 60 ஆம்பியர் வைத்து, நான்கு மூலையிலும் டேக் (பிடிப்புக்காகச் சின்னப் புள்ளி வெல்டு) வைத்து, மட்டத்தைச் சரிபார்த்து, எதிரெதிர் பக்கமாகச் சின்னச் சின்னதாக ஒட்டி வாருங்கள். ஒரே பக்கம் முழுதாக ஒட்டினால் சூட்டில் பைப் அந்தப் பக்கமே இழுத்துக்கொள்ளும். ஸ்டாண்ட் மூன்று காலில் நிற்கும்.