பயோ என்சைம் கேன் நுரைக்காமல் நின்றால், உப்புத் தண்ணீரைத் திட்டுமுன்

பழத்தோல், வெல்லம், தண்ணீர் கலந்து புளிக்கவைத்து, தரை துடைக்க எடுக்கும் கரைசல்தான் பயோ என்சைம். ராமநாதபுரம் கடலோரத்தில் இந்த வெல்லக் கரைசல் புளிக்காமல் நின்றுவிட்டால், பழி முதலில் போர் தண்ணீர் மேல்தான் விழும். உப்புக்கு ஈஸ்ட் (சர்க்கரையைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்) அவ்வளவு சீக்கிரம் சாகாது. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 3000 காட்டும் தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராம் உப்புதான், அதாவது 0.3 சதவீதம். ரொட்டி மாவில் இதைவிடப் பல மடங்கு உப்பைப் போட்டும் அது பொங்குகிறது. போர் தண்ணீரில் வரும் சிக்கல் வேறு: தரை துடைத்தபின் வெள்ளைத் திட்டு படியும், செடிக்கு ஊற்றினால் உப்பு மண்ணில் சேரும். அதனால் மழைநீரோ ஊருணித் தண்ணீரோ இருந்தால் நல்லது. ஆனால் நுரை நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் அல்ல, வெயில்.

அளவு: வாய் அகன்ற 20 லிட்டர் பிளாஸ்டிக் ட்ரம்மில் 12 லிட்டர் தண்ணீர், 1.2 கிலோ வெல்லம், 3.6 கிலோ பழத்தோல், ஒரு டீஸ்பூன் (சுமார் 3 கிராம்) பேக்கரி ஈஸ்ட். மீதி இடம் நுரைக்கு. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். மூடியை இறுக்கினால் வெடிக்கும். ஈஸ்ட் போடாமலும் புளிக்கும், ஆனால் 3 மாதம் ஆகும்.

நின்றுவிட்டதா, முடிந்துவிட்டதா?

குமிழ் வரவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். மூடியின் ஓரத்தில் காற்று கசிந்தாலும் குமிழ் தெரியாது. சமையலறை எலெக்ட்ரானிக் தராசு போதும். ஒரு லிட்டர் பாட்டிலை, கரைசலுக்கு எடுத்த அதே தண்ணீரால் விளிம்புவரை நிரப்பி எடை பாருங்கள். அதைக் கொட்டிவிட்டு, வடிகட்டிய கரைசலை அதே விளிம்புவரை நிரப்பி மறுபடி எடை பாருங்கள். வெல்லம் கரைத்த அன்று கரைசல் சுமார் 30 கிராம் கூட இருக்கும். புளித்து முடிந்தால் வித்தியாசம் ஏறக்குறைய இருக்காது. 10 நாள் கழித்தும் 20 கிராம் கூடுதலாக நின்றால், சர்க்கரையில் பெரும்பகுதி அப்படியே கிடக்கிறது என்று அர்த்தம். அதே தண்ணீரை ஒப்பிடுவதால் உப்பின் எடை கணக்கைக் கெடுக்காது. நிரப்பும்போது குமிழ் ஒட்டியிருந்தால் பாட்டிலைத் தட்டிவிட்டுப் பாருங்கள்.

தராசு இல்லையென்றால், ஒரு சொட்டை விரலில் காயவிட்டு அழுத்துங்கள். பிசுபிசுத்தால் இனிப்பு மிச்சம். புளிக்காடி வாசனை தூக்கி, பிசுக்கு இல்லையென்றால் ஈஸ்ட் தன் வேலையை முடித்துவிட்டது. அதற்குமேல் ஈஸ்டைக் கொட்டுவது வீண். காடி முற்றக் காற்று வேண்டும், மூடியைத் தளர்த்தித் துணி கட்டிவிடுங்கள்.

இரண்டு நாள் பொங்கிவிட்டு நின்றால்

இந்தக் கரையில் அதிகம் பார்ப்பது இதைத்தான். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழோ மொட்டைமாடியிலோ வைத்த ட்ரம், சித்திரை மாத மதியத்தில் 40 டிகிரியைத் தாண்டும். பேக்கரி ஈஸ்டுக்கு 25 முதல் 35 டிகிரிவரை சுகம். 40ஐத் தாண்டினால் திணறும், 55ஐ நெருங்கினால் செத்துப்போகும். புளிக்கும்போது கரைசல் தானும் சூடாகும், அது தனி. அதனால்தான் முதல் இரண்டு நாள் மளமளவென்று பொங்கி, பிறகு சட்டென்று அடங்கிவிடுகிறது.

ட்ரம்மை வீட்டின் வடக்குச் சுவரோரம் நிழலுக்குக் கொண்டுவந்து, பாதி உயரத்துக்கு ஆற்று மணலில் புதைத்து, மணலைத் தினமும் நனையுங்கள். மேலே ஈரச்சாக்கைச் சுற்றுங்கள். குடிதண்ணீர்ப் பானைக்குச் செய்வதுதான். கடற்காற்று ஈரமாக இருக்கும் நாளில் சாக்கு சரியாகக் காயாது, அன்று குளிர்ச்சியும் குறைவாகவே கிடைக்கும், மணல்தான் கைகொடுக்கும். வெப்பம் இறங்கிய மறுநாளும் அசைவில்லை என்றால், புது ஈஸ்டை நேராகத் தூவாதீர்கள். கீழே சொல்லும் முறையில் பழக்கிச் சேருங்கள்.

தொடங்கவே இல்லை என்றால்

முதல் சந்தேகம் ஈஸ்ட் மேல். வெயிலில் கிடந்த கடைப் பாக்கெட் உயிரில்லாமல் இருக்கலாம். 200 மில்லி வெதுவெதுப்பான நீரில் (கை பொறுக்கும் சூடு) ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் ஈஸ்ட் கலந்து வையுங்கள். 15 நிமிடத்தில் நுரை தொப்பி கட்ட வேண்டும். கட்டவில்லையென்றால் பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள்.

ஈஸ்ட் நல்லது என்றால் வெல்லத்தைப் பாருங்கள். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தில் நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் சேர்த்திருக்கலாம். அதிலிருந்து வரும் கந்தக டையாக்சைடு ஈஸ்டை அமுக்கும். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் திறந்த பாத்திரத்தில் 10 நிமிடம் கொதிக்கவிட்டால் ஓரளவு போய்விடும். முழுக்க ஆறவிட்டு ஊற்றுங்கள். சுடு பாகில் ஈஸ்ட் போட்டுக் கொல்வது இன்னொரு வழக்கமான தவறு.

சாயல்குடிப் பக்கம் கிடைக்கும் உதிர் கருப்பட்டி அருமையான பொருள்தான், சத்தும் அதிகம். ஆனால் பதநீர் புளித்துவிடாமல் இருக்கவே கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அதன் மிச்சம் கருப்பட்டியிலும் வரலாம். எலுமிச்சைத் தோல் போட்டால் அது தானாகச் சமன்படும். பப்பாளி, வாழைத் தோல் மட்டும் என்றால் இரண்டு எலுமிச்சைச் சாறு பிழிந்துவிடுங்கள். பிஎச் தாளில் (புளிப்பை அளக்கும் தாள், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4 முதல் 5 காட்டினால் சரி.

முழுக்கச் சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோலாகப் போட்டாலும் மந்தம் தட்டும். தோலிலுள்ள எண்ணெய் கிருமிகளை அடக்கும், ஈஸ்டையும் விடாது. பாதிக்குமேல் இந்தத் தோல் வேண்டாம். அன்னாசி, பப்பாளி, வாழை மீதியை நிரப்பட்டும். கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை அடித்தால் ஓர் இரவு திறந்து வையுங்கள், போதும்.

தொடக்கத்திலிருந்தே மந்தமாக இழுத்தால்

வெள்ளைச் சர்க்கரை மட்டும் போட்டவர்களுக்கு இது வரும். அதில் இனிப்பைத் தவிர ஈஸ்ட் தின்ன ஒன்றுமில்லை. அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்தால் தழைச்சத்துக் குறை என்று கொள்ளலாம். ஒரு டீஸ்பூன் ஈஸ்டைக் கால் டம்ளர் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றுங்கள். செத்த ஈஸ்ட் உயிருள்ள ஈஸ்டுக்குச் சாப்பாடு. “இன்னும் அரைக் கிலோ வெல்லம் போட்டால் வேகம் பிடிக்கும்” என்பது தவறு. சர்க்கரை கூடக்கூட ஈஸ்டின் நீரையே அது உறிஞ்சும்.

பிஎச் 3க்குக் கீழே போயிருந்தால் முட்டை ஓட்டுப் பொடியோ சிப்பிப் பொடியோ ஒரு டீஸ்பூன் போட்டு, மறுநாள் தாளில் பார்த்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், ஒரேயடியாகத் தூக்கிவிடும்.

பழக்கிச் சேர்ப்பது

மேலே சொன்ன 200 மில்லி நுரைக்கரைசலில், நின்றுபோன கரைசலை ஒரு டம்ளர் ஊற்றுங்கள். அரை மணி கழித்து நுரைத்தால் இன்னொரு டம்ளர். இப்படி நான்கைந்து முறை. ஒவ்வொரு முறையும் நுரை திரும்ப வந்தபின்தான் அடுத்தது. லிட்டருக்கு மேல் சேர்ந்து சுறுசுறுப்பாக இருக்கும்போது ட்ரம்மில் ஊற்றிக் கிளறுங்கள். நடுவில் நுரை அடங்கிவிட்டால் குற்றம் ஈஸ்டில் இல்லை, கரைசலில். பிஎச்சையும் வெப்பத்தையும் மறுபடி பாருங்கள்.

மேலே வெள்ளை ஆடை படிந்தால் பயமில்லை. பச்சை, கறுப்புப் பூஞ்சை என்றால் தோல் மிதந்து காற்றில் நின்றிருக்கிறது. அந்தத் தோலை எடுத்தெறிந்து, மீதியைத் தட்டு வைத்து மூழ்கடியுங்கள்.

இது துடைக்கத்தான், குடிக்க அல்ல. காய்ச்சி வடிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். முடிந்த என்சைமைப் பிளீச்சிங் பவுடரோடு கலக்கவும் கூடாது. அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், கதவடைத்த குளியலறையில் அது ஆபத்து.