புது போனுக்கு வாட்ஸ்அப்பை மாற்றும் முறை

பழைய போனைக் கடையில் கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். இரண்டும் ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் டிரைவே தேவையில்லை. பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் என்று போய் ஸ்டார்ட் கொடுங்கள். புது போனில் அதே நம்பரைப் பதிந்ததும் ஒரு கியூஆர் கோடு வரும். பழைய போனால் அதை ஸ்கேன் செய்தால் போதும். இரண்டிலும் வைஃபை ஆனில் இருக்க வேண்டும். முடியும்வரை ஆப்பை மூடாதீர்கள். வீடியோக்கள் அதிகம் என்றால் நேரம் இழுக்கும், சார்ஜரில் போட்டுவிடுங்கள்.

பழைய போன் உடைந்துபோனால் டிரைவ் பேக்கப்தான் (கூகுள் டிரைவில் இணையம் வழியே சேமித்து வைத்த சாட் நகல்) வழி. அதற்கு அதே நம்பரும், பேக்கப் எடுத்த அதே கூகுள் கணக்கும் வேண்டும். பலர் மாட்டுவது இங்கேதான்: கடைக்காரர் அவசரத்தில் புதிதாக ஒரு ஜிமெயில் திறந்து கொடுத்திருப்பார், பேக்கப் கண்ணிலேயே படாது. அப்போது 'ஸ்கிப்' அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டால், அடுத்த பேக்கப் ஓடுவதற்குள் ஆப்பை நீக்கி, பழைய ஜிமெயிலைப் போனில் சேர்த்து, மறுபடி நிறுவுங்கள்.

பேக்கப்புக்கு என்க்ரிப்ஷன் பாஸ்வேர்டு (மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் பாஸ்வேர்டு) வைத்திருந்தால் அதைத் தாளில் எழுதி வையுங்கள். மறந்தால், பழைய போனும் கையில் இல்லாத நிலையில், வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் அந்தப் பேக்கப்பைத் திறக்க முடியாது.

டிரைவில் இலவச இடம் 15 ஜிபிதான். ஜிமெயில், போட்டோஸ் எல்லாம் அதற்குள்தான். இடம் போதாவிட்டால் 'இன்க்ளூட் வீடியோஸ்' தேர்வை அணைத்துவிடுங்கள்.